வெல்டர்வெயிட்டில் யார் பெரியவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வாசகசாலையின் பின்புறம் ஒரு புளியமரமும் அதில் தொங்கும் மணல் மூட்டையும் உண்டு. மாலையில் அதைக் குத்த வரும் பையன்களும் வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மலையாளப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சண்டைச் செய்தி வந்தால் போதும், அன்று மாலையே பழைய வழக்கு மறுபடி தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பதில்களுக்கு நான் பொறுப்பு.

வெல்டர்வெயிட் என்றால் எத்தனை கிலோ அண்ணா?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் 147 பவுண்டு, அதாவது 66.68 கிலோ. அதற்கு மேல் ஒரு பொட்டு கூடக் கூடாது. இதற்குக் கீழே 140 பவுண்டுப் பிரிவு, மேலே 154 பவுண்டுப் பிரிவு. ஒலிம்பிக்கில் கணக்கு வேறு, அது அவ்வப்போது மாறியும் வந்திருக்கிறது. டோக்கியோவில் அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்றது மகளிர் வெல்டர்வெயிட்டில்தான். அங்கே வரம்பு 69 கிலோ. இங்கே நான் பேசுவது தொழில்முறை ஆண்கள் பிரிவை மட்டும்.

நம் பையன்களில் பாதிப் பேர் காய்கறி மண்டித் தராசில் செருப்போடும் செல்போனோடும் ஏறி நின்றுவிட்டு 'நான் வெல்டர்' என்று அறிவித்துவிடுகிறார்கள். பட்டச் சண்டைக்கு எடை பார்க்கும் இடத்தில் கால் பவுண்டு கூடிவிட்டால், நான்கு பேர் சுற்றித் துண்டைப் பிடித்துக்கொள்ள, ஆளை உள்ளாடையும் இல்லாமல் மறுபடி ஏற்றுவார்கள்.

குத்துச்சண்டை என்றால் முகமது அலிதானே? ஹெவிவெயிட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள்?

அலியின் பெருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980-இல் சென்னைக்கே வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடியவர். 2016-இல் அவர் மறைந்தபோது கேரளத்தின் அமைச்சர் ஒருவர், அவரைக் கேரளத்துக்குப் புகழ் தேடித் தந்த வீரர் என்று தொலைக்காட்சியில் இரங்கல் தெரிவித்துவிட்டார். அவ்வளவு நெருக்கம்!

ஆனால் அந்த அலியே தன் முன்மாதிரியாகச் சொல்லிவந்தது ஒரு வெல்டர்வெயிட்டை, சுகர் ரே ராபின்சனை. ஹெவிவெயிட்டில் ஒன்பது சுற்று தடுமாறியவன் பத்தாவது சுற்றில் ஒரே குத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். இலகு எடைகளில் வேகம் இருக்கும், ஆளைச் சாய்க்கும் பலம் குறைவாக இருக்கும். 147 பவுண்டில் இரண்டும் இருக்கின்றன. கால் வேகமும் வேண்டும், கையில் இடியும் வேண்டும், கடைசிச் சுற்றுவரை மூச்சும் வேண்டும். வேலைக்குப் போய்வரும் சாதாரண ஆணின் உடம்பு எடையும் ஏறத்தாழ இதுதான் என்பதால் போட்டிக்கு ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை.

தரவரிசை எல்லாம் அவரவர் ரசனைதானே? இதற்கு அளவுகோல் ஏது?

ரசனை கலக்காத பட்டியல் கிடையாது. இருந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 147 பவுண்டில் என்ன செய்தார்? அவருக்கு எதிரே நின்றவர்கள் யார், அப்போது அவர்கள் நல்ல நிலையில் இருந்தார்களா? எத்தனை காலம் தாக்குப்பிடித்தார்?

இதில் இரண்டாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் தருகிறேன். வெற்றி எண்ணிக்கையும் பெல்ட் (சாம்பியனுக்குத் தரும் இடுப்புப் பட்டை) எண்ணிக்கையும் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தையும் சேர்த்தே காட்டும். வேறு எடையில் செய்த சாதனை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலரின் கோபத்துக்கு இதுதான் காரணம்.

சரி, பட்டியலைச் சொல்லிவிடுங்கள். பிறகு சண்டை போடலாம்.

சுகர் ரே ராபின்சன், ஹென்றி ஆம்ஸ்ட்ராங், சுகர் ரே லெனார்ட், ஹோசே நாப்போலெஸ், எமில் கிரிஃபித், கிட் கவிலன், பார்னி ராஸ், தாமஸ் ஹெர்ன்ஸ், டெரன்ஸ் கிராஃபோர்ட், ஃப்ளாய்ட் மேவெதர்.

முதல் இரண்டு இடங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. லெனார்டை அநேகமாக யாரும் அசைக்க முடியாது. நான்கு முதல் ஆறு வரை எந்த வரிசையில் வைத்தாலும் நான் வாக்குவாதத்துக்கு வரமாட்டேன். கடைசி மூன்று பேரை மட்டும் நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். 1920-க்கு முந்தையவர்களை ஏன் சேர்க்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு சுகர் ரே இருக்கிறார்களே, அப்பா மகனா?

உறவு எதுவும் இல்லை. ராபின்சனின் இயற்பெயர் வாக்கர் ஸ்மித். 1921-இல் பிறந்தவர். சிறுவயதில் சண்டை போட வயதுச் சான்று இல்லாமல், ரே ராபின்சன் என்ற வேறொரு பையனின் அட்டையைக் காட்டி ரிங்கில் ஏறினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லெனார்ட் 1956-இல் பிறந்தவர். பாடகர் ரே சார்லஸின் நினைவாக வீட்டில் வைத்த பெயர். 'சுகர்' மட்டும் மூத்தவரிடமிருந்து வந்தது. கீழே ராபின்சன், லெனார்ட் என்றே எழுதுகிறேன்.

ராபின்சன் சண்டை போட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வீடியோவே இல்லாதவரை எப்படி முதலிடத்தில் வைக்கிறீர்கள்?

நல்ல கேள்வி. இணையத்தில் கிடைக்கும் ராபின்சன் சண்டைகளில் பெரும்பாலானவை அவர் 160 பவுண்டு மிடில்வெயிட்டுக்குப் போன பிறகு, முப்பது வயதுக்கு மேல் ஆடியவை. வெல்டர்வெயிட்டில் உச்சத்தில் இருந்த 1940-களின் படச்சுருள் மிகக் குறைவு. அதாவது, எல்லோரும் 'ஆகா' என்று பார்த்து வியப்பது அவருடைய இரண்டாம் பாகத்தை.

அப்படியானால் ஆவணம் என்ன? எதிரே நின்றவர்கள்தான். அமெச்சூராக 85 சண்டையிலும் வெற்றி. 1940-இல் தொழில்முறைக்கு வந்தவர் முதல் தோல்வியைக் கண்டது 1943 பிப்ரவரியில், ஜேக் லமோட்டாவிடம். லமோட்டா அப்போது அவரைவிட ஏறத்தாழ 7 கிலோ கூடுதல் எடை. மூன்று வாரம் கழித்து அதே மாதத்தில் ராபின்சன் அந்தக் கணக்கைத் தீர்த்தார். அதன் பிறகு 1951 வரை யாராலும் அவரை வெல்ல முடியவில்லை. இடையில் கவிலனை இரண்டு முறை வென்றார். என் பட்டியலில் ஆறாம் இடத்தில் இருப்பவர் அவர். ஆம்ஸ்ட்ராங்கையும் 1943-இல் வென்றார், ஆனால் ஆம்ஸ்ட்ராங் அப்போது தேய்ந்துவிட்டிருந்தார். என் இரண்டாவது கேள்விப்படி அதற்கு மதிப்பெண் கிடையாது.

வெல்டர்வெயிட் பட்டம் அவர் கைக்கு வந்தது 1946 டிசம்பரில், டாமி பெல்லை வென்றபோது. அதற்குள் 70-க்கும் மேற்பட்ட வெற்றிகளைச் சேர்த்துவிட்டிருந்தார். அந்தக் காலத்துச் சண்டை வியாபாரத்தில் சூதாட்டக் கும்பல்களின் கை ஓங்கியிருந்தது. அவர்களுக்குப் பணியாதவன் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பட்டம் இல்லாத அந்த ஆறு ஆண்டுகளே அவருடைய சிறந்த காலம் என்பது இந்த விளையாட்டின் பெரிய அநியாயங்களில் ஒன்று.

ஆம்ஸ்ட்ராங்கை இரண்டாவதாக வைத்திருக்கிறீர்கள். அவர் உண்மையில் லைட்வெயிட் இல்லையா?

உடம்பால் பார்த்தால் ஆமாம், 135 பவுண்டு லைட்வெயிட்தான். அதுவே அவர் பெருமை. 1938 மே 31-இல் வெல்டர்வெயிட் பட்டத்துக்காகப் பார்னி ராஸை எதிர்கொண்டபோது ஆம்ஸ்ட்ராங்கின் எடை 133½ பவுண்டு, ராஸ் 142. கையில் இருந்ததோ 126 பவுண்டு ஃபெதர்வெயிட் பட்டம். இரண்டு பிரிவு தாண்டி வந்து பதினைந்து சுற்றும் முன்னால் நடந்தே ராஸை நொறுக்கினார். ராஸ் கடைசிவரை விழவில்லை, சண்டையை நிறுத்தவும் விடவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட நாக் அவுட் ஆகாத மனிதர் அவர். பின்னாளில் குவாடல்கனால் போர்முனையில் காட்டிய வீரத்துக்காக வெள்ளி நட்சத்திர விருது பெற்றார். அப்படிப்பட்டவரை வென்றதற்குத்தான் மதிப்பு.

அதே ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸிடமிருந்து லைட்வெயிட் பட்டமும் வந்தது. அந்தச் சண்டையில் ஆம்ஸ்ட்ராங்கின் வாய் உள்ளே கிழிந்து இரத்தம் தரையெல்லாம் சிந்தியது. இனியும் சிந்தினால் நிறுத்திவிடுவேன் என்றார் நடுவர். ஆம்ஸ்ட்ராங் பல்காப்பை வெளியே எடுத்துவிட்டு, வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கிக்கொண்டே மீதிச் சுற்றுகளை ஆடி முடித்தார். ஒரே நேரத்தில் மூன்று பட்டங்கள் அவரிடம். உலகத்தில் மொத்தம் எட்டே எடைப் பிரிவுகள் இருந்த காலம் அது, இன்று பதினேழு.

அவர் வெல்டர்வெயிட் ஆளா என்பவர்களுக்கு 1939 அக்டோபர் போதும். அந்த ஒரு மாதத்தில், 22 நாட்களுக்குள், ஐந்து நகரங்களில் ஐந்து முறை வெல்டர்வெயிட் பட்டத்தைக் காத்துக்கொண்டார். இன்றைய சாம்பியன் ஐந்து முறை காக்க மூன்று ஆண்டு எடுத்துக்கொள்கிறார்.

பெல்ட் நான்கு இருக்கிறதாமே? அப்படியானால் உண்மையான சாம்பியன் யார் என்று எப்படித் தெரியும்?

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள். நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் குழப்பமில்லை. சேராதபோது 'உலக சாம்பியன்' என்ற சொல்லை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, எதிராளி யார் என்றுதான் பார்க்கிறேன்.

பெல்ட்டின் மதிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பிரிட்டனின் லாய்ட் ஹனிகன். 1986 செப்டம்பரில், யாரும் தோற்கடிக்க முடியாதவர் என்று பேசப்பட்ட டொனால்ட் கரியை அவர் வீழ்த்தியது பெரிய அதிர்ச்சி. அடுத்து ஒரு தென்னாப்பிரிக்க வீரரோடு மோத டபிள்யூபிஏ சொன்னது. அங்கே நிறவெறி ஆட்சி நடக்கிறது, மாட்டேன் என்று அந்த பெல்ட்டை லண்டனில் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். அவர் என் பட்டியலில் இல்லை, ஆனால் என் மரியாதையில் இருக்கிறார்.

மேவெதர் 50-க்கு 50. ஒரு தோல்விகூட இல்லை. அவரைப் போய் பத்தாவதாக வைக்கலாமா?

வாரம் தவறாமல் வரும் கேள்வி. அந்த ஐம்பதில் பெரும்பகுதி 130, 135, 140 பவுண்டில் வந்தது. ஐம்பதாவது, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூட ஏறாத கானர் மெக்கிரெகருக்கு எதிராக 2017-இல் கிடைத்தது. 130 பவுண்டு மேவெதரைப் பற்றிப் பட்டியல் போட்டால் நானே மிக உயரத்தில் வைப்பேன்.

147-இல் அவர் வென்றவர்களில் ஷேன் மோஸ்லியும் மேனி பாக்கியாவோவும் பெரிய பெயர்கள். மோஸ்லி 2010-இல், பாக்கியாவோ 2015-இல். உலகமே அந்த இரண்டாவது சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது 2009-இல் இருந்து. அது நடந்தபோது பாக்கியாவோவுக்கு வயது 36. இரண்டரை ஆண்டுக்கு முன்பே மெக்சிகோவின் மார்க்கேஸிடம் முகம் குப்புற விழுந்து எழுந்தவர். காத்திருப்பது ஒரு திறமை, மறுக்கவில்லை. தற்காப்பில், தோளைத் திருப்பிக் குத்தை வழியனுப்பும் அந்த நேர்த்தியில், அவருக்கு இணையாக இந்த எடையில் நான் பார்த்தவர்கள் ஓரிருவரே. அதனால்தான் பத்துக்குள் வந்தார்.

பாக்கியாவோ பட்டியலிலேயே இல்லையே, இது என்ன நியாயம்?

எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற ஒரே மனிதர். அதைவிடப் பெரிய சாதனையை இந்த விளையாட்டில் யாராவது காட்டினால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எட்டுப் பிரிவுகளின் கணக்கு. நாம் பேசுவது ஒன்றைப் பற்றி. 147-இல் 2009-இல் கோட்டோவை 12-ஆம் சுற்றில் நிறுத்தியதும், 2019-இல் நாற்பது வயதில் தோல்வியறியாத கீத் தர்மனை முதல் சுற்றிலேயே கீழே தள்ளிப் பட்டம் வென்றதும் அபாரம். பிராட்லி, மார்க்கேஸ், மேவெதர், ஹார்ன், உகாஸ் ஆகியோரிடம் அதே எடையில் வந்த தோல்விகளையும் (பிராட்லி, ஹார்ன் தீர்ப்புகள் சர்ச்சைக்குரியவை) சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? எனக்குப் பதினோராவது அவர். 2025 ஜூலையில் 46 வயதில் திரும்பி வந்து மரியோ பாரியோஸோடு சமன் செய்ததைப் பார்த்த இரவு, பத்துக்குள் இழுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது உண்மை.

நேற்று எடை பார்த்துவிட்டு இன்று சண்டை போடுகிறார்களே, இடையில் சாப்பிட்டு எடை ஏற்றிக்கொள்ள மாட்டார்களா?

ஏற்றிக்கொள்வார்கள், அதுதான் நடைமுறை. சோதனைச் சாவடியில் காலி வண்டியாக எடை காட்டிவிட்டு அடுத்த வளைவில் சுமை ஏற்றிக்கொள்ளும் லாரியை இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். வியர்வையை வடித்து 147-இல் நின்றவர் மறுநாள் 155, 160 என்று ரிங்கில் ஏறுவது சாதாரணம்.

ராபின்சன், ஆம்ஸ்ட்ராங் காலத்தில் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். எனவே அந்தக் காலத்து வெல்டர்வெயிட் என்பவர் இரவிலும் வெல்டர்வெயிட்டாகவே இருப்பார். 1980-களில்தான் முந்தின நாள் எடை பார்க்கும் வழக்கம் பரவியது. 'இன்றைய ஆள் பெரிய உடம்பு, பழைய ஆளை ஊதித் தள்ளிவிடுவான்' என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ராபின்சனை இன்று கொண்டுவந்தால் அவருக்கும் அதே ஒரு நாள் கிடைக்கும்.

கவிலனின் 'போலோ' குத்து கரும்பு வெட்டியதில் வந்தது என்கிறார்களே, கதையா?

கவிலனே அப்படித்தான் சொல்லிவந்தார். கியூபாவின் கமகுவே பகுதிக்காரர், சிறுவயதில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். கை இடுப்புக்குக் கீழிருந்து பெரிய வட்டமாகச் சுழன்று மேலே வரும். மேனோன்பாறைப் பக்கம் கரும்பு வெட்டிய பெரியவர் ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, 'அடியில் வெட்டுகிறவன் கை இப்படித்தான் வரும், ஆனால் இவ்வளவு அலங்காரம் இருக்காது' என்றார். சரியான விமர்சனம். அந்தக் குத்தில் கண்காட்சி பாதி.

அவரை ஆறாம் இடத்தில் வைத்தது அதற்காக இல்லை. 1951 முதல் 1954 வரை சாம்பியன். 140-க்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒருவராலும் அவரை நாக் அவுட் செய்ய முடியவில்லை; அதில் ராபின்சனும் அடக்கம். 1953-இல் கார்மன் பசிலியோ இரண்டாம் சுற்றில் கீழே தள்ளியபோதும் எழுந்து வந்து பதினைந்து சுற்று முடிவில் வென்றார்.

நாப்போலெஸ் யார்? பெயரே கேட்டதில்லை.

கியூபாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் அங்கே தொழில்முறைக் குத்துச்சண்டை தடை செய்யப்பட்டதும் மெக்சிகோவுக்குப் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். பட்ட வாய்ப்பு கிடைக்கும்போது வயது 29. 1969-இல் கர்ட்டிஸ் கோக்ஸை வென்றார், அதே ஆண்டு கிரிஃபித்தையும் வென்றார். 1970 டிசம்பரில் புருவம் கிழிந்து பில்லி பாக்கஸிடம் பட்டத்தை இழந்து, ஆறு மாதத்தில் திரும்ப வாங்கி, 1975 வரை வைத்திருந்தார். ஒரு குத்தும் வீணாகாது. மூன்று குத்து விழுந்த பிறகுதான் முதல் குத்து எங்கிருந்து வந்தது என்று எதிராளிக்குப் புரியும். தோல் மட்டும் மெலிசு, சட்டென்று கிழிந்துவிடும்.

லெனார்ட், ஹெர்ன்ஸ் சண்டை இன்றைய விதிப்படி நடந்திருந்தால் ஹெர்ன்ஸ்தான் ஜெயித்திருப்பார். அப்புறம் எப்படி லெனார்ட் மூன்று, ஹெர்ன்ஸ் எட்டு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் விஷயம் தெரிந்தவர். 1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸ். ஹெர்ன்ஸ் ஆறடி ஒரு அங்குலம். அந்த நீளக் கையின் ஜாப் (முன்கையை நேராக நீட்டும் குத்து) லெனார்டின் இடது கண்ணை மூடிவிட்டது. 12-ஆம் சுற்று முடிந்து மூலைக்கு வந்த லெனார்டைப் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, சண்டை கையைவிட்டுப் போகிறது என்று கத்தித் துரத்தினார். 13-இல் லெனார்ட் ஹெர்ன்ஸைக் கயிறுகளுக்கு இடையே தள்ளினார். 14-இல் நடுவர் நிறுத்தினார். அதுவரை மூன்று நீதிபதிகளின் புள்ளி அட்டையிலும் ஹெர்ன்ஸே முன்னால்.

அப்போது பட்டச் சண்டை பதினைந்து சுற்று. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ ரிங்கில் பட்ட அடியால் இறந்த பிறகுதான் அது பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. எனவே பன்னிரண்டு சுற்றுக் கணக்கில் ஹெர்ன்ஸ் வென்றிருப்பார் என்பது சரி. ஆனால் பன்னிரண்டு சுற்று என்று தெரிந்திருந்தால் லெனார்ட் பத்தாவதிலேயே பாய்ந்திருப்பார் என்பதும் சரிதானே? இருவரும் தூரம் தெரிந்து ஓடினார்கள். கடைசியில் மூச்சு யாரிடம் மிஞ்சியது என்பதுதான் தீர்ப்பு.

லெனார்டை உயர்த்துவது இந்த ஒரு வெற்றி மட்டும் இல்லை. 1979-இல் தோல்வியறியாத வில்ஃபிரட் பெனிடெஸை வென்றார், அதுவும் 15-ஆம் சுற்றின் கடைசி விநாடிகளில். 1980 ஜூனில் ராபர்ட்டோ துரானிடம் தோற்று, அதே நவம்பரில் அவரை எட்டாவது சுற்றில் தானாகவே முதுகைத் திருப்பி விலகவைத்தார். பெனிடெஸ், துரான், ஹெர்ன்ஸ்: மூவரும் தங்கள் நல்ல நாளில் இருந்தவர்கள். ராபின்சனைத் தவிர வேறு எந்த வெல்டர்வெயிட்டும் இப்படி மூன்று பெயரைக் காட்ட முடியாது. ஹெர்ன்ஸுக்கு 147-இல் மிஞ்சுவது 1980-இல் குவேவாஸை இரண்டே சுற்றில் சாய்த்தது. அவர் பெருமையில் பாதி மேல் எடைகளில் இருக்கிறது.

கிராஃபோர்ட் நான்கு பெல்ட்டும் வாங்கியவர், கனேலோவையும் வென்றவர். ஒன்பது கம்மி இல்லையா?

2025 செப்டம்பரில் கனேலோவை வென்றது 168 பவுண்டில். மேலே சொன்ன விதி பாக்கியாவோவுக்குப் பொருந்தினால் இவருக்கும் பொருந்தும். 147-இல் 2018 முதல் 2023 வரை எட்டுச் சண்டை, எட்டிலும் எதிராளி கடைசி மணிவரை நிற்கவில்லை. எரால் ஸ்பென்ஸை 2023 ஜூலையில் மூன்று முறை தரையில் உட்காரவைத்து ஒன்பதாவது சுற்றில் முடித்தது, இந்த நூற்றாண்டில் இந்த எடையில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம்.

குறை அவருடையது மட்டும் இல்லை. சண்டை நடத்தும் நிறுவனங்களின் வியாபாரப் பிரிவினையால் நல்ல எதிராளிகள் எதிர் முகாமில் இருந்தார்கள், ஸ்பென்ஸ் சண்டையே பல ஆண்டு தாமதம். ஸ்பென்ஸுக்கு இடையில் மோசமான கார் விபத்தும் கண் அறுவை சிகிச்சையும் நடந்திருந்தன. ஷான் போர்ட்டரையும் ஸ்பென்ஸையும் தவிர்த்தால் பட்டியல் மெலிகிறது. திறமைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் மூன்றாம் இடம்வரை ஏற்றலாம்.

பட்டமே வெல்லாத ஒருவர் இந்தப் பட்டியலில் வரலாமா?

வரலாம், வந்திருக்க வேண்டும். சார்லி பர்லி. பிட்ஸ்பர்க்கின் கறுப்பின வீரர். பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து பட்டத்தைப் பறித்த ஃப்ரிட்ஸி சிவிக்கை மூன்றில் இரண்டு முறை வென்றவர். 1944-இல் ஆர்ச்சி மூரை வென்றவர். மூர் பிற்பாடு லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனார். இருந்தும் பர்லிக்கு ஒரு பட்ட வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. ஆபத்து அதிகம், வசூல் குறைவு என்று எல்லோரும் விலகிப் போனார்கள். ராபின்சனும் அவரை ரிங்கில் சந்தித்ததில்லை. முதலிடத்தில் இருப்பவரின் கணக்கில் அது ஒரு கறைதான். பர்லி கடைசியில் பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார்.

பத்துக்குள் ஏன் வைக்கவில்லை? அவருடைய பெரிய வெற்றிகள் பல 147-க்கு மேல் வந்தவை. வேறொருவர் ஐந்தாவதாக வைத்தால் கைகுலுக்குவேன்.

கிரிஃபித் ஒருவரை அடித்தே கொன்றவர். அவரைப் போய் ஐந்தாவதாகப் புகழலாமா?

1962 மார்ச் 24, நியூயார்க். பென்னி பாரெட்டுடன் மூன்றாவது சண்டை, தொலைக்காட்சியில் நேரலை. எடை பார்க்கும்போது பாரெட் கிரிஃபித்தின் ஆண்மையைக் கேலி செய்திருந்தார். 12-ஆம் சுற்றில் பாரெட் மூலையில் கயிற்றில் சாய்ந்து, விழவும் முடியாமல் நிற்க, கிரிஃபித் நிறுத்தாமல் குத்தினார். நடுவர் குறுக்கே வரத் தாமதம். பத்து நாள் கழித்து பாரெட் இறந்தார்.

இதைக் கோபத்தின் கதையாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மூன்றரை மாதத்துக்கு முன்புதான் பாரெட் தன்னைவிடக் கனமான ஜீன் ஃபுல்மரிடம் மோசமாக அடிபட்டு நாக் அவுட் ஆகியிருந்தார். அவரை அத்தனை சீக்கிரம் மறுபடி ரிங்கில் ஏற்றியவர்கள் யாரும் பழி சொல்லப்படுவோர் பட்டியலில் இல்லை. கிரிஃபித் அதன் பிறகும் பதினைந்து ஆண்டு ஆடினார். அந்த இரவு கனவில் வந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார். முதுமையில் பாரெட்டின் மகனைச் சந்தித்தபோது அந்த மகன் அவரைக் கட்டிக்கொண்டார். தரவரிசை அவருடைய தொழிலைப் பற்றியது: வெல்டர்வெயிட் பட்டத்தை மூன்று முறை வென்றார், லூயிஸ் ரொட்ரீகஸ் என்ற மகா கெட்டிக்காரரை நான்கில் மூன்று முறை வென்றார். ராபின்சனின் எதிராளி ஜிம்மி டாயிலும் 1947-இல் சண்டைக்கு மறுநாள் இறந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

1920-க்கு முந்தையவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அளக்க வழியில்லை. பல மாநிலங்களில் அப்போது நடுவர் தீர்ப்புச் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. நாக் அவுட் ஆகாவிட்டால் வெற்றி தோல்வி இல்லை. மறுநாள் பத்திரிகை நிருபர் எழுதியதே தீர்ப்பு, பத்திரிகைக்குப் பத்திரிகை அது மாறும். ஜாக் பிரிட்டனும் லண்டனின் டெட் கிட் லூயிஸும் இருபது முறை மோதினார்கள், பட்டம் இருவருக்கும் இடையே போய்வந்தது. பார்படோஸின் ஜோ வால்காட் ஐந்தடி ஒன்றரை அங்குலம் உயரத்தை வைத்துக்கொண்டு 1900-இல் ஹெவிவெயிட் ஜோ சாய்ன்ஸ்கியை நாக் அவுட் செய்தார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் எந்த எடையில், எந்த விதியில், யார் முழுமனத்தோடு ஆடினார் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. அவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுவதே மரியாதை.

முதலில் எந்தச் சண்டையைப் பார்க்கலாம்?

லெனார்ட், துரான் சண்டைகள் இரண்டையும் வரிசை மாற்றாமல் பாருங்கள். இரண்டாவதை மட்டும் பார்த்தால் துரானைக் கோழை என்று நினைத்துவிடுவீர்கள். பிறகு கிராஃபோர்ட், ஸ்பென்ஸ். பழையதில் பசிலியோவும் டோனி டிமார்க்கோவும் 1955 நவம்பரில் மோதிய இரண்டாவது சண்டை. தற்காப்பு என்று எதுவும் அதில் கிடையாது, பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். பாரெட் சண்டையைத் தேடிப் போகாதீர்கள்.

லெனார்ட், ஹெர்ன்ஸ் சண்டைக்குப் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒலியை அணைத்துவிட்டு, சுற்றுக்குச் சுற்று, வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்று நீங்களே புள்ளி போடுங்கள். 12-ஆம் சுற்று முடிந்ததும் நிறுத்திக் கூட்டிவிட்டு மீதியைப் பாருங்கள். அந்தத் தாளோடு வாசகசாலைக்கு வந்தால் பேசலாம்.